பின்பக்கத்து ஆணி

மழை இல்லை என்றது ரேடியோ.
இரண்டு நாள் வெயில்,
மேற்கிலிருந்து இளங்காற்று என்றது.
அந்தக் குரலுக்குச் சொந்தக்காரனை
ஒரு மாலை இங்கே கொண்டுவந்து
நிற்கவைக்க வேண்டும்,
ஹார்டாங்கர் மேட்டில்,
முழங்காலுக்கு மேல் வளர
எந்தச் செடியும் துணியாத வெட்டவெளியில்.

மூன்று மணிக்குக் கம்பளிச் சட்டையைக் கழற்றினேன்.
நான்குக்கு
ஏரியின் அக்கரை காணாமல் போயிற்று.
நாலரைக்கு ஆலங்கட்டி.
ஐந்துக்கு மறுபடி வெயில்,
பாத்திரத்தை உடைத்துவிட்டு
வாசலில் வந்து நிற்கும் பிள்ளை மாதிரி.
ஆறுக்கு
அந்த இளங்காற்று வந்து சேர்ந்தது.

தூரத்தில், சிவப்பில் ‘டி’ எழுதிய வழிக்கல்லை
ஒருமுறை பார்த்துவைத்துக்கொண்டேன்,
அப்புறம் அதுவும் இல்லை.

இருவர் படுக்கும் கூடாரம் இது.
விவாகரத்தில் எனக்கு வந்தது.
படகு ஆஸ்முண்டுக்கு.
சரிசமமான பங்கு என்றார்
படகிலும் கூடாரத்திலும்
ஒருநாளும் தூங்கியிராத வக்கீல்.

பதினேழு கோடை
அவன் கம்புகளைக் கோர்த்தான்,
நான் ஆணிகளை எடுத்துக் கொடுத்தேன்.
எந்தக் கம்பு எந்த உறைக்குள் போகும் என்று
நான் கேட்டதில்லை.
ஓடாவிலிருந்து மலைப்பாதையில்
ஐம்பது பேரை வைத்துப் பேருந்து ஓட்டுகிறவள்,
பனியில் சங்கிலி மாட்டத் தெரிந்தவள்,
இதை மட்டும் கேட்டதில்லை.

ஒரு மூலையை முழங்காலால் அழுத்தி
ஒன்றின்மேல் கல்லை உருட்டி
மூன்றாவதைப் பல்லால் கவ்விக்கொண்டு
நான்காவதைத் துரத்தினேன்.
வாய் நிறையத் துணியோடு
கெட்ட வார்த்தை சொல்வது கடினம்.
இருந்தாலும் சொன்னேன்.

ஆணிப் பையில் ஒட்டிய வெள்ளைப் பட்டையில்
அவன் கையெழுத்து:
‘வளைந்தது பின்பக்கத்துக்கு.
மெத்தென்ற மண்ணில் மட்டும்.’

யாருக்கு எழுதினான்?
என்றாவது நான் இதைத் தனியே திறப்பேன் என்றா?
அவ்வளவு தூரம் யோசிக்கிறவன் இல்லை.
மறதிக்காரன்,
தனக்கே எழுதிக்கொண்டிருப்பான்.
ஆனாலும்
காற்று தலைமயிரைப் பிடித்து இழுக்கையில்
அந்த ஒற்றை வரியை
இரண்டு தடவை படித்தேன்.

வளைந்ததைப் பின்பக்கம் அடித்தேன்.
பாசி மண்ணில்
சொன்னது போலவே இறங்கியது.

அடுப்பு பற்றவில்லை.
பழுப்புப் பாலாடைக்கட்டியைக்
கத்தியால் உடைத்துத் தின்றேன்.
கூடாரத் துணி இரவெல்லாம்
முகத்துக்கு நேரே வந்து வந்து திரும்பியது,
ஏதோ கேட்க வந்து
கேட்காமல் போகிற ஆள்போல.
எல்லா உடுப்பையும் போட்டுக்கொண்டேன்,
நாளைய காலுறையைக் கையில் மாட்டினேன்.
காலியாய்க் கிடந்த பாதி இடத்தில்
ஈர பூட்ஸை வைத்தேன்.
அதற்குத்தான் சரியாக இருந்தது அந்த இடம்.

விடிவதற்குச் சற்று முன்பு
கைப்பிடி அளவு லெம்மிங் எலி ஒன்று
வாசல் மடிப்பில் புகுந்து
பின்னங்காலில் எழுந்து நின்று
என்னைத் திட்டியது.
அப்படி ஒரு கோபம்.
அதன் கூரைமேல்தான் படுத்திருந்தேன் போலும்.
மன்னிப்புக் கேட்டேன்.
ஏற்கவில்லை.

அப்புறம்தான் காதில் விழுந்தது,
ஒன்றும் கேட்கவில்லை என்பது.

வெளியே
ஆகஸ்டில் கணுக்கால் வரை பனி.
ஏரி அசையாமல்.
வழிக்கல் அங்கேயே,
தலையில் வெள்ளைத் தொப்பியோடு.

கூடாரம் விறைத்துப் பலகையாகியிருந்தது.
சுருட்ட வரவில்லை.
நான்காய் ஒடித்து முதுகில் கட்டினேன்.
பட்டையில் எதையாவது சேர்த்து எழுதலாமென்று
பேனாவை எடுத்தேன்.
மை உறைந்திருந்தது.
அக்குளில் வைத்துச் சூடாக்கி
அவன் வரிக்குக் கீழே எழுதினேன்:
‘வாசல் கிழக்கே. எலி வளை பார்க்கவும்.’

ஏழு கிலோமீட்டர் கீழே, சாலையில்,
நிறுத்தி ஏற்றிக்கொண்டவன்
ஹால்டிஸ் என்ற நாயோடு
ஆட்டு உப்பு ஏற்றிப் போகிறவன்.
வண்டி ரேடியோவில் அதே குரல்:
மலைமேல் இன்றிரவு
கடும் பனிப்பொழிவுக்கு வாய்ப்பு.

கண்ணாடிக்கு வெளியே
கண் கூசும் வெயில்.
நாய் என் மடியில் தலை வைத்தது.
முதுகுச் சுமையிலிருந்து
சொட்டுச் சொட்டாக
அந்த இரவு
அவன் வண்டித் தரையில் உருகிக்கொண்டிருந்தது.