மிட்டாய் மீதி

சம்பளச் சீட்டில் என் பெயர் மா தந்தார் ஃபியூ.
பியூண்டாசாவில் வைத்த பெயர் வடிவாம்பாள்.
இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான்
இரண்டு லட்சத்து எழுபதாயிரம் கியாட்.

விடுதிக்குத் தொண்ணூற்றைந்தாயிரம்.
சோற்றுக் குக்கர் வைத்திருக்கும் குற்றத்துக்கு
மாதாமாதம் ஐயாயிரம்.
வீட்டுக்கு எண்பது. அதில் தம்பியின் டியூஷன் இருக்கிறது,
அப்பாவின் இழுப்பு மருந்து இருக்கிறது,
நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்ற பொய்யும் இருக்கிறது.
பேருந்துக்கு இருபதாயிரத்து எண்ணூறு,
தூங்கிப்போய் இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்காத மாதங்களில்.

மிச்சத்தை முப்பதால் வகுத்தால்
நாளுக்கு இரண்டாயிரத்து முந்நூற்று ஆறு.
முக்குக்கடை மொஹிங்கா இரண்டாயிரம்.
முட்டை வேண்டுமென்றால் அறுநூறு:
அந்த முட்டையில் பாதி இன்றையது, பாதி நாளையது.
முப்பத்தோராம் தேதி என்று ஒன்றை
யார் கண்டுபிடித்தார்களோ,
அவர்களுக்கு நிச்சயம் வேறு வருமானம் இருந்திருக்கும்.

நோட்டுப் புத்தகத்தில் பொருளைத் தமிழில் எழுதுகிறேன்,
தொகையைப் பர்மிய இலக்கத்தில்.
கோயில் ஞாயிற்று வகுப்பில் கற்ற எழுத்து
அரிசி, சோப்பு, நாப்கின், மெழுகுவத்தி
என்று எழுதத்தான் இப்போது உதவுகிறது.
'இதர' என்றும் ஒரு வரி உண்டு.
அறைத்தோழி மி சான் ஊன், முடோனில் இருந்து வந்த மோன்காரி,
அந்தச் சொல்லை விரலால் தொட்டு,
"இது என்ன, மாதத்துக்கு மாதம் கொழுக்கிறதே?" என்றாள்.
எண்கள் அவளுக்கும் தெரியும்.
ஃபலூடா, என்றேன்.
பாதி உண்மை.
மீதிப் பாதி ஓர் உதட்டுச்சாயம்;
அதைப் பூசிக்கொண்டு இன்னும் எங்கும் போனதில்லை.

பகல் முழுக்க ஊரார் காசை எண்ணுகிறேன்.
ஐம்பது, நூறு தாள்கள் யாங்கோனைவிட்டே ஓடிவிட்டன.
மீதிக்கு மிட்டாய் கொடு, என்று உத்தரவு.
ஐம்பதுக்கு ஒன்று, நூற்றைம்பதுக்கு மூன்று.
கூடக் குழந்தை இருந்தால் சிரிக்கிறார்கள்.
இல்லாவிட்டால் என்னைப் பார்க்கிறார்கள்.
கிழிந்த தாளை நான் வாங்கக் கூடாது,
வாங்கினால் அது என்னுடையது.
இருபத்துமூன்றாம் தேதி கல்லாவில்
இரண்டாயிரத்து எழுநூறு குறைந்தது.
யாருக்குக் கூடக் கொடுத்தேன் என்று
வரிசையைப் பின்னாலிருந்து ஓட்டிப் பார்த்தேன்.
எல்லா முகமும் நல்ல முகமாகவே இருந்தது.
மேலாளர் மரியாதையாகத்தான் கையெழுத்துக் கேட்டார்.
மா தந்தார் ஃபியூ போட்டாள்.
வடிவாம்பாள் அன்று முட்டை சாப்பிடவில்லை.

கரண்ட் இரவு ஒன்றேகாலுக்கு வந்தது.
விடுதி மொத்தமும் கண்விழித்தது;
போன்கள் பிளக்குக்கு முட்டிமோதின,
மோட்டார் தண்ணீரை இழுத்தது,
எதிர்க்கட்டில்காரி பாதித் தூக்கத்தில் லுங்கியை இஸ்திரி போட்டாள்.
நாங்கள் குக்கரைப் போட்டோம்.
ஒரு பியி அரிசி எங்களுக்கு ஐந்து நாள்.
மி சான் ஊன் டப்பாவைத் தட்டித் தட்டி
ஆறாவது நாளையும் வெளியே எடுத்துவிடுவாள்.

வேகிற வாசனை வந்ததும் பொறுக்க முடியவில்லை.
என் பையைக் கவிழ்த்தேன்:
மற்ற கடைகள் எனக்குத் தந்த மீதி,
பதினேழு மிட்டாய். எண்ணூற்றைம்பது கியாட்.
பேருந்து உண்டியலில் போட முடியாது,
போனில் விரலால் தள்ளி வீட்டுக்கு அனுப்ப முடியாது.
இஞ்சி, புளி, ஒன்றே ஒன்று காப்பி.
ஆளுக்கு எட்டு.
காப்பியை அவள் கடைவாயில் வைத்து உடைத்தாள்.
எது பெரிய துண்டு என்று
குழல்விளக்குக்கு நேரே பிடித்து வெகுநேரம் வாதாடினோம்.

டக், என்றது குக்கர்.
அதே நொடி இருட்டு.
வெந்துவிட்டதா, கரண்ட்தான் போய்விட்டதா,
மூடியைத் திறந்தால் தெரிந்துவிடும்.

திறக்கவில்லை.
வாயில் இருந்தது கரையட்டும் என்று
இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.