வரல

தரமணி, நான்காம் மாடி. ஏசி பதினெட்டில்.
ஜன்னலுக்குக் கீழே பறக்கும் ரயில்
காலிப் பெட்டிகளின் வெளிச்சத்தோடு போகிறது.
என் திரையில்
வியாசர்பாடித் தெரு ஒன்றின்
எட்டு மாதத் தண்ணீர் லாரி.

எழுதியவர் ஃபிலோமினா.
தொட்டிக்கு எதிர் வீடு.
மாதம் எழுநூறு ரூபாய்க்கு
லாரி வந்த தேதியும் நேரமும்
கட்டம் போட்ட நோட்டில், பச்சை மையில்.
அதைப் பார்த்துத் தட்டச்சு செய்தது வேறு யாரோ.

இருநூற்று நாற்பத்து மூன்று வரிசை.
சராசரி கேட்டேன்.
இது எண் இல்லை என்றது,
ரேஷன் கடை ஜன்னல் குரலில்.

நீ என்ன வகுப்பு என்று கேட்டேன்.
மனிதரிடம் கேட்கக் கூசும் கேள்வி,
இங்கே ஒரு நாளைக்கு நூறு முறை கேட்கிறேன்.
காரணி, என்றது.

மணியும் நிமிடமும் எப்படிக் காரணி ஆயின?
தேடிக்கொண்டே போனால்
அறுபத்தேழாம் வரிசையில்
நேரம் இருக்க வேண்டிய கட்டத்தில்
'வரல'.
ஒரு சொல் போதும்
ஒரு நெடுவரிசை முழுவதும்
தன்னை எழுத்தென்று நம்பிவிட.

அவசரத்தில் எண்ணாக மாற்றினேன்.
மறுக்காமல் மாறியது.
காலை நாலு ஐம்பது 31 ஆயிற்று.
அஞ்சு பத்து 38.
'வரல' 112.
அகரவரிசையில் அவரவர் நின்ற இடமாம் அது.
சராசரியும் வந்தது
இரண்டு தசமத்தோடு, வெட்கமே இல்லாமல்.

அழித்தேன். மறுபடி.
நாளுக்கு ஒரு சதவீதக் குறி, மாதத்துக்கு ஒன்று,
மணிக்கு, நிமிடத்துக்கு.
இப்போது எல்லா விடியலும் நொடிக்கணக்கு:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது
ஜனவரி ஒன்று நள்ளிரவிலிருந்து.
யாருடைய நள்ளிரவு?
வியாசர்பாடியில் அப்போது மணி ஐந்தரை,
குழாயடியில் முதல் சண்டை முடிந்திருக்கும்.

நேரத்துக்கு ஊர் சொன்னேன், கொல்கத்தா என்று.
சென்னைக்கு அதில் தனிப் பெயர் கிடையாது.
தேதியை மட்டும் உரித்தெடுக்கையில்
ஊர் சொல்ல மறந்தேன்.
செவ்வாய் விடியலில் வந்த லாரி
திங்கள் கணக்கில் போய் விழுந்தது.
திங்களுக்கு இரண்டு லாரி.
செவ்வாய்க்குத் தெருவே காய்ந்தது.
அதையும் சரிசெய்தேன்.

மிச்சம் அந்த 'வரல'. மொத்தம் பத்தொன்பது.
"தெரியாததுன்னு போட்டுட்டு சராசரி எடேன்.
யார் பார்க்கப் போறா?"
பக்கத்து இருக்கை ஹுமேரா, பையை மூடியபடி.

தெரியாததா?
ஃபிலோமினாவுக்குத் தெரியுமே.
ஸ்கேன் செய்த பக்கத்தைத் திறந்தேன்.
'வரல'வை ஒட்டி ஓரத்தில் பொடி எழுத்து,
தட்டச்சு விட்டுவிட்டுப் போனது:
'4 மணிலேந்து நின்னேன். 9.20 வேலைக்கு பூட்டேன்.'

பொருளுக்குப் புது வகுப்பு கொடுப்பது
இங்கே சுலபம். பெயர் வைத்தால் போதும்,
தாசில்தார் கையெழுத்து வேண்டாம்.
காத்திருப்பு என்று வைத்தேன்.
தொடக்கம் உண்டு.
முடிவு, அவள் நின்றவரை இல்லை.
அச்சிடு என்றேன்.

320+

முந்நூற்று இருபது நிமிடம்,
அப்புறம் ஒரு கூட்டல் குறி.
கீழே இன்னொன்று. 275+.
அதற்கும் கீழே
மழை நாளாக இருக்க வேண்டும், 45+.

இதற்குச் சராசரி கேட்டால் தர மறுக்கிறது.
நடுவில் நிற்பதை வேண்டுமானால் தருகிறேன் என்கிறது.
சரி, கொடு.

"அறிக்கையில அந்த ப்ளஸ் எதுக்குன்னு கேப்பாங்களே?"
கேக்கட்டும்.

என் கைக்கடிகாரத்தில் இரவு பத்து நாற்பது.
சர்வரில் பதினேழு பத்து.
இரண்டும் சரி.
கேனில் தண்ணீர் பிடித்தேன்,
அடியிலிருந்து ஒரு குமிழி
ஏறி வர எவ்வளவு நேரம் என்று
எண்ணாமல் இருக்க முடியவில்லை.