பன்னிரண்டு நிமிடம்

பிப்ரவரி. தார்த்து நகரில் ஆறு உறைந்து கிடக்கிறது.
நான்காம் மாடியில் ஹெலேரி
தட்டின் அடியில் ஒட்டி வளர்ந்த செல்கள் மேல்
ஃபார்மால்டிஹைடு விடுகிறாள்.

அசையாதே என்று
அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் சொல்லும் திரவம்.
யார் யாரைப் பிடித்திருந்தார்களோ
பிடித்தபடியே நிற்க வேண்டும்:
நூலைச் சுற்றிக்கொண்ட ஹிஸ்டோன்கள்,
நூலைத் தொட்டுத் தொட்டு விலகும்
அவளுடைய ஒரு புரதம்.
அது தொடுகிற இடத்தைத்தான்
மூன்று வருடமாகத் தேடுகிறாள்.

பத்து நிமிடம்.
குறைந்தால் பிடி நழுவும்.
கூடினால்
பக்கத்தில் சும்மா நின்றவனெல்லாம்
உறவுக்காரன் ஆகிவிடுவான்.

ஏழாவது நிமிடம் கைபேசி. வீட்டுக்காரர் ஊர்மாஸ்:
குளியலறைக் குழாய் வெடித்துவிட்டது,
கீழ்வீட்டுச் சுவரெல்லாம் தண்ணீர்,
மாற்றுச் சாவி எங்கே?
செருப்பு அலமாரிக்கு மேலே, இல்லை,
தபால் பெட்டிக்குள், இல்லை, இருங்கள்

கிளைசீனை ஊற்றியபோது பன்னிரண்டு.

பிறகு எல்லாம் முறைப்படி.
ஒலியால் நூலை நறுக்கினாள்,
பனிக்கட்டியில் நிறுத்தி
முப்பது நொடி இரைச்சல், முப்பது நொடி ஓய்வு;
காதடைப்பானுக்குள் ஒரு கொசு மட்டும் மிச்சம்.
எதிர்ப்பொருள் இரவெல்லாம் குளிரில் சுழன்றது.
காந்தத்தின் பக்கம் பழுப்பு மணிகள் ஒதுங்க
உப்பில் கழுவினாள், மேலும் உப்பில், மேலும்.
கழுவியும் போகாததே உண்மை
என்பது அந்த அறையின் நம்பிக்கை.
அறுபத்தைந்து டிகிரியில்
விடிய விடிய பிடிகள் தளர்ந்தன.

வெள்ளி மாலை, திரையில் கோடுகள்.
அவள் சந்தேகப்பட்ட அதே மரபணுவின் வாசலில்
முதன்முறையாக ஒரு கோடு
எழுந்து நின்றது.
ரெய்ன் எட்டிப் பார்த்து விசிலடித்தான்:
"கேக் வாங்கணும்."

அவள் கீழே நகர்த்தினாள்.
எதுவும் வந்து உட்காராது என்று
அவளே குறித்துவைத்த வெற்றிடத்திலும் கோடு.
யாரையும் தேடாத எதிர்ப்பொருள் போட்ட குழாயிலும்
கோடு,
கொஞ்சம் தாழ்வாக.

குறிப்பேட்டுப் படிவத்தில்
'10 நிமிடம்' அச்சாகியே இருக்கிறது.
பக்கத்தில் ஒரு டிக் போட்டால் போதும்.
பேனாவைக் கொஞ்ச நேரம் திறந்து மூடினாள்.
பத்தை அடித்துப் பன்னிரண்டு என்று எழுதினாள்.
காரணம்: குழாய்.

"எந்தக் குழாய்?" என்றான் ரெய்ன்.

அவள் பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.
கையுறை தேடிப் போன விரலில்
உள்பையின் கிழிசலுக்குள்ளிருந்து தட்டுப்பட்டது
மாற்றுச் சாவி.
பூட்டை அவர்கள்
அன்றைக்கே உடைத்து, வேறு போட்டுவிட்டார்கள்.