எந்த வெள்ளை

பீன்யா இரண்டாம் ஸ்டேஜில்
ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டிய அறை.
சுண்ணாம்பு அடித்த ஒரு சுவர்.
நாள் முழுக்க அதன்மேல்
டார்ச் அடித்துப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எல்லாம் ஒரே மாடல்.
ஒரே சுருளிலிருந்து வெட்டி எடுத்த எல்இடி.
ஆனாலும் இரண்டை அருகருகே அடித்தால்
ஒன்று வேப்பம்பூ,
ஒன்று அரிசி களைந்த தண்ணீர்.

சூப்பர்வைசர் நாகபூஷண் எண்களில் பேசுவார்:
ஐயாயிரம், ஐயாயிரத்து எழுநூறு, ஆறாயிரத்து ஐந்நூறு.
எண் என் கண்ணில் ஒட்டுவதில்லை.
பதிவேட்டு ஓரத்தில் பென்சிலால்
என் கணக்கை எழுதிவைத்திருக்கிறேன்:
நீர்மோர்.
பள்ளிக்கூடச் சட்டைக்கு நீலம் கூடிப்போனது.
மூன்றாம் நாள் மல்லிகை.
காய்ச்சல்காரியின் நகம்.
கடைசியில் ஒன்று, பெயர் வராமல் வெறும் கோடு.

ஒரே விளக்குக்குள்ளும் சண்டை உண்டு.
நடுவில் மஞ்சள் கரு, விளிம்பில் ஊதா.
பேட்டரி இறங்க இறங்க
பச்சை மேலே வரும்,
தொட்டியில் தண்ணீர் வற்றினால் பாசி தெரிவதுபோல்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில்
ஒரு டார்ச்சை மட்டும் பத்து நிமிடம் பார்த்துவிட்டு
சுத்த வெள்ளை என்று எழுதினேன்.
நாகபூஷண் ஒன்றும் சொல்லாமல்
இன்னொன்றைப் பக்கத்தில் அடித்தார்.
என்னுடையது முட்டைக்கோஸின் உள்ளிலை.
தனியாக எரியும்போது எல்லாமே வெள்ளைதான்,
கண் அப்படிச் சமாதானமாகிவிடுகிறது.
பக்கத்தில் இன்னொன்று வந்தால்தான் வழக்கு.
எங்கள் வீட்டில் மருமகள்கள் இரண்டு பேர்,
எனக்கு இது புதிதில்லை.

பச்சை கலந்தால் வெளிச்சம் தூக்கலாகத் தெரியுமாம்,
அது கடைக்குப் போய்விடும்.
ரோஸ் அடித்தால் ரிஜெக்ட்.
அதில் ஒன்று, மூடியில் கீறல் விழுந்தது,
கேட்டு வாங்கினேன்.
டிபன் டப்பாவுக்கும் குடைக்கும் நடுவில்
என் பையிலேயே கிடக்கிறது.

மெட்ரோவில் மெஜஸ்டிக்.
அங்கிருந்து மாரிக்குப்பம் ரயில்.
தங்கவயல் போய்ச் சேர ஒன்பது ஆகும்.
அன்றைக்குக் கிருஷ்ணராஜபுரம் தாண்டி
ஹூடி வருவதற்குள் வண்டி நின்றது.
விளக்குப் போனது, மின்விசிறியும்.
உடனே இருபது கைப்பேசிகள்.
இருபது வெள்ளை.
வேலை முடிந்துவிட்டது என்று மனசுக்குத் தெரியாதே,
அது பாட்டுக்குப் பிரிக்கத் தொடங்கியது:
கதவோரம் உட்கார்ந்திருந்தவள் நீர்மோர்,
அடையாள அட்டை மாட்டிய பையன் சட்டை நீலம்,
குழந்தையைத் தோளில் போட்டவர் அந்தப் பெயரில்லாக் கோடு.

அப்போதுதான் தமயந்தியக்கா அலறினார்.
மூக்குத்திக் கல்லைக் காணோம்.
சிவப்புக் கல். தவணை இன்னும் முடியவில்லை.

எல்லா வெளிச்சமும் காலடிக்கு இறங்கியது.
தரை முழுக்கக் கடலைத்தோல்.
அந்த வெள்ளைகளுக்கு
தோலும் ஒன்றுதான் கல்லும் ஒன்றுதான்,
எல்லாம் ஆறிப்போன பழுப்பு.

என் ரிஜெக்டை எடுத்தேன்.
நாலாவது இருக்கைக்கு அடியில்
மாதுளை முத்துபோல் ஒரு துளி விழித்தது.
"இதேதான், இதேதான்."
அக்கா எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.
யாரோ எனக்கு ஒரு கமலா ஆரஞ்சு கொடுத்தார்கள்.

ஒயிட்ஃபீல்டு நெருங்கும்போது டியூப்லைட் வந்தது.
அக்கா உள்ளங்கையை விரித்தார்.
உள்ளே ஒரு மங்கல் கண்ணாடி,
புளியங்கொட்டைத் தோல் நிறத்தில்.
கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"என்னுது இன்னும் செவப்பா இருக்கும்மா."

பங்காருபேட்டை வரைக்கும்
டார்ச்சைக் கையிலேயே வைத்திருந்தேன்.
நாளைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்க்கா,
சொல்லலாமா என்று நாக்குவரை வந்தது.
எந்தப் பகல் என்று திருப்பிக் கேட்டால்?
காலை ஆறு மணிக்கு ஒன்று,
மழை மூட்டத்தில் ஒன்று,
நடு மத்தியானத்துக்கு வேறொன்று.
ஆரஞ்சை உரித்துப் பாதியை நீட்டினேன்.
டியூப்லைட்டில் அதுவும்
கொஞ்சம் பச்சையாகத்தான் இருந்தது.