கட்டைவிரல்

கல்கிசையிலிருந்து இருபது நிமிடம்.
லயனல் எஞ்சினை நிறுத்தினான்.
முதுகுப்புறமாய் விழுந்தேன்.

பதினெட்டு மீற்றர்.
கொழும்பு, தலைக்கு மேலே
ஒரு பச்சை வெளிச்சம்.
ஹோர்ன் இல்லை.
என் மூச்சு மட்டும்
கொதிக்கிற கேத்தல் போல.

கறுக். கறுக்.
யார் இங்கே முறுக்குத் தின்பதென்று திரும்பினால்
கிளிமீன்.
முருகைக்கல்லைக் கடித்துக்
கொஞ்சத் தூரம் நீந்தி
வெட்கமேயில்லாமல்
வெள்ளை மணலாய்க் கழிகிறது.

பொந்துக்குள் அஞ்சாலை
வாயைத் திறந்து திறந்து மூடுகிறது,
சொல்ல வந்ததை மறந்த மாதிரி.
காற்றுமானி ஐம்பதுக்கு இறங்கியதை
நான் பார்க்கவேயில்லை.

ரிஸ்மியா கட்டைவிரலை உயர்த்தினாள்.
அருமை என்கிறாளாக்கும்.
நானும் உயர்த்தினேன்.
மறுபடி அவள். மறுபடி நான்.
மூன்றாந்தரம் என் தோள்பட்டியைப் பிடித்து
மேலே இழுத்தாள்.
வகுப்பில் படித்ததுதான்:
கட்டைவிரல் என்றால்
போதும், ஏறு.

ஏறினேன். இரவு
வெள்ளவத்தையில் ஆறு மாடியும் ஏறினேன்,
லிஃப்ட் இன்னும் பழுது.
காதில் மிச்சக் கடல்.
தலையணையில் ஏழெட்டு மணல்.

தட்டிவிடப் போன கை
நிற்கிறது.

கறுக்.