ஆறாம் கட்டம்

மசேருவிலிருந்து வந்த மதிப்பீட்டாளன் நான்.
கையில் படிவம், பதினேழு கட்டங்கள்.
குதிரையிலிருந்து இறங்குவதற்குள்
பேனாவில் மை உறைந்துபோயிற்று.
பென்சில் எடுத்தேன்.

மொகொட்லோங் மலைமேல் ஒரு வட்டக் கல்வீடு.
"இங்கே எத்தனை பேர் உறங்குகிறீர்கள்?"
"மூன்று பேர்" என்றாள் வீட்டுக்காரி.
செவிலி ரெலெபோஹிலே
மூன்று என்றே எழுதிக்கொண்டாள்.

சுவரோரம் மடித்த கம்பளிகள் நான்கு.
நானும் எண்ணினேன்.
நான்காவதன் அடியில்
சுரங்கச் சேறு காய்ந்த
ரப்பர் பூட்ஸ்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
புகை கண்ணைக் கரிக்கிறதென்று
சன்னலைத் திறந்துவைத்தாள்.
குழந்தையை எடை போட்டாள்.
கொடுத்த சோளக்கூழை வழித்துக் குடித்தாள்.
கிளம்பும்போது சளிக்குப்பி மூன்று வைத்தாள்;
பிறகு
பையில் வேறெதையோ தேடுகிறவள்போல
இன்னொன்று.

வியாழக்கிழமை மறுபடி ஏறினோம்.
வாசற்கல்லில் நான்கும் இருந்தன,
இறுக மூடி.
ஒன்றில் இரத்தக் கோடு.
ஆட்டுப்பட்டிக்குப் பின்னாலிருந்து
ஓர் இருமல்,
இனி ஒளியாத இருமல்.
அவள் முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு
அந்தப் பக்கம் நடந்தாள்.

ஆறாம் கட்டம்: தகவல் திரட்டும் திறன்.
முதல் நாளே எழுதிவிட்டேன்,
"எண்ணத் தெரியவில்லை."
அழிக்க அழிக்கத்
தாள்தான் கிழிகிறது.