போட்டுப் பார்த்தது

மஞ்சக்குப்பம் கோர்ட்டின் சிமெண்ட் மேல்
கடல்காற்று போட்டுவிட்டுப் போன மணல்.
முதல் திருப்பத்திலேயே வழுக்கியது.
எச்சில் தொட்டு அடியைத் துடைத்தேன்.
கீச்.
பிடி பரவாயில்லை.

எம்பி இறங்கினால் குதிகால் நோகவில்லை.
முட்டி நோகிறது, அது ஷூவின் குற்றமில்லை.
சட்டென்று நிற்கும்போது
உள்ளே பாதம் அரை விரற்கடை ஓடுகிறது;
ரெண்டு சாக்ஸ் போட்டால் சரியாகும்.

இடது அடியில் மட்டும்
காசளவுக்கு ஒரு தேய்மானம்.
ஜெசிந்தா,
வலப்பக்கம் போவதாய்த் தோளைக் காட்டிவிட்டு
இந்த இடத்தில் ஊன்றித்தானே சுழல்வாய்?
மூன்று வருஷம் மறித்தும் எனக்குப் பிடிபடாதது
கட்டைவிரலுக்குத் தெரிந்துவிட்டது.

பழைய ஜோடிக்கு
ஆயிரத்து இருநூறு அதிகம்தான்.
பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்தேன்.
ஞாயிற்றுக்கிழமை
உங்கள் டீமோடுதான் ஆட்டம்.